அம்மம்மாவும் மூன்று வயதுக் குழந்தையும் ஒரே வானில்: மட்டக்களப்பிலிருந்து உகந்தை வரை இரண்டு நாள்

கேள்வி சுருக்கமாக இது: மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு சனி, ஞாயிறு. மொத்தம் 11 பேர். 82 வயது அம்மம்மா, சீனி வருத்தமுள்ள அப்பப்பா, 3 வயதுக் குழந்தை, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம். காடும் பார்க்க வேண்டும், கடலும் பார்க்க வேண்டும். பாசிக்குடா, மகா ஓயா வெந்நீரூற்று, இங்கினியாகலைப் படகு, லாகுகலை யானைக் காடு, அறுகம்பைக் கடற்கரை, உகந்தையில் வாசலுள்ள கூமுனைப் பறவைக் காடு எல்லாவற்றையும் முடிக்கலாமா?

முடியாது. பட்டியலில் முதல் மூன்றையும் இப்போதே வெட்டிவிடுங்கள். பாசிக்குடா வடக்கே, மகா ஓயா மேற்கே செங்கலடிச் சந்தியால் திரும்பிப் போகும் பாதையில், மீதி எல்லாம் தெற்கே. மூன்று திசைக்கும் ஓடினால் இரண்டு நாளும் வானுக்குள்ளேயே கழியும். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்துப் படகுப் பயணம் அருமையானதுதான். தீவுக்குத் தீவு யானை நீந்திப் போவதைக் காணக் கிடைப்பது அங்கேதான். ஆனால் அதற்கு அம்பாறையில் ஒரு இரவு தங்கி விடியவே படகு ஏற வேண்டும், அதை இன்னொரு வார இறுதிக்கு வையுங்கள். பாசிக்குடா எந்த ஞாயிற்றுக்கிழமையும் அரைநாளில் போய்வரக்கூடிய இடம். இந்த முறை தெற்கு மட்டும்: கரையோரமாகப் போய், பொத்துவில் பக்கம் ஒரே இடத்தில் ஓரிரவு தங்கி, உடம்பு இடம் தந்தால் காட்டுப் பாதையால் திரும்புவது.

இப்படிப்பட்ட பயணத்தில் இடங்களை வைத்து நேரத்தைக் கணக்கிடுவதுதான் முதல் பிழை. அம்மம்மாவுக்கு எத்தனை மணிக்கு ஒரு தடவை இறங்க வேண்டும், அப்பப்பாவுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, குழந்தை எப்போது தூங்கும் என்ற மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். இடங்களை அதற்குள் பொருத்துங்கள்.

காலம் பற்றி ஒரு சொல். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மாரி மழையும். தாழ்ந்த இடங்களில் வெள்ளம் வீதிக்கு மேலால் போகும், கடலிலும் இறங்க முடியாது, பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைக்கு அப்பால் மண்பாதை சேறாகும். இந்த மாதங்களில் போகவே வேண்டாம். மே, ஜூனில் கூமுனை வில்லில், அதாவது ஆழமில்லாத சதுப்புக் குளத்தில், பறவைகள் கூடு கட்டும். ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பரில் காட்டுக்குள் நீர் வற்றுவதால் யானைகள் குளங்களுக்கு வரும், ஆனால் கச்சான் காற்று சுடும். (கடலைக்கும் இதே பெயர் என்பதால் கனடாப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படும்.) கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி உகந்தை முருகன் கோயிலடியில் கதிர்காமத்துக்கு நடந்து போகும் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் பாதயாத்திரை அடியார்களால் பாணமை, உகந்தைப் பக்கம் நிரம்பி வழியும். யாத்திரை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் நல்லது. அமைதியாகக் காடு பார்க்க என்றால் அந்தக் கிழமைகளைத் தவிருங்கள். பௌர்ணமிப் போயா சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையும் அப்படித்தான், ஜீப் வரிசையாக நிற்கும்.

வானுக்கு வருவோம். 11 பேருக்கு 11 இருக்கை போதாது. 14 இருக்கை உள்ள உயரக் கூரை கே.டி.எச். வான் பிடித்து, கடைசி வரிசையைச் சாமானுக்கு விடுங்கள். டொல்பின் என்ற மற்ற வகை வானுக்கு வாடகை குறைவு, ஆனால் பின்வரிசைக்கு ஏசி ஒழுங்காக எட்டாத பழைய வண்டிகள் பல ஓடுகின்றன. பேசும்போதே ஏசியைப் போட்டுப் பின்னால் இருந்து பாருங்கள். வாடகையில் சாரதியின் சாப்பாடும் இரவுத் தங்கலும் அடங்குமா, கிலோமீற்றர் எல்லை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஞாயிறு இரவு வீட்டு வாசலில் நின்று வாக்குவாதம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான்.

வெயிலைப் பார்த்து இருக்கையைப் பிரியுங்கள். காலையில் தெற்கே போகும்போது சூரியன் இடப்பக்கம், பின்னேரம் வடக்கே திரும்பும்போதும் சூரியன் இடப்பக்கம்தான். ஆகவே இரண்டு பயணத்திலும் வலப்பக்க ஜன்னலே நிழல். சாரதிக்குப் பின்னால் உள்ள வலப்பக்க இருக்கை அம்மம்மாவுக்கு. கதவு இடப்பக்கம் என்பதால் அவர் உள்ளே நகர்ந்து போக வேண்டியிருக்கும். எனவே அவரை முதலில் ஏற்றி, கடைசியில் இறக்குங்கள். வானின் படி முழங்கால் தேய்ந்தவர்களுக்கு உயரம். ஒரு அடி உயரமுள்ள உறுதியான பிளாஸ்ரிக் ஸ்ரூல் ஒன்றைக் கதவோரம் வையுங்கள், வேறு எந்தச் சாமானையும்விட அதுதான் அதிகம் பயன்படும். குழந்தையைக் கடைசி வரிசையில் வைக்காதீர்கள், பின்சில்லுக்கு மேலே குலுக்கல் கூட, சத்தியும் வரும்.

மருந்துப் பையைச் சாமானோடு சேர்த்துக் கட்டாமல் கையில் வையுங்கள். இரண்டு நாளுக்கு நான்கு நாள் குளிசை. இன்சுலின் இருந்தால் குளிர்ப்பெட்டியில் துணியால் சுற்றி வைக்க வேண்டும். ஐஸ் கட்டியில் நேரே ஒட்டினால் உறைந்துவிடும், உறைந்த இன்சுலின் உருகினாலும் பழுதுதான். பிரஷருக்குச் சலம் போகும் குளிசை எடுப்பவர் என்றால், பயண நாளில் அதை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று வைத்தியரிடம் முன்னரே கேளுங்கள். வானில் ஏறும் முன் போட்டுவிட்டால் ஒவ்வொரு ஊரிலும் கழிப்பறை தேட வேண்டிவரும். சிலர் அந்தப் பயத்தில் தண்ணீரே குடிக்காமல் வந்து, மத்தியானத்தில் தலை சுற்றி விழுவார்கள். அது அதைவிட மோசம். அப்பப்பாவுக்குச் சாப்பாடு பிந்தி, வியர்த்து, கை நடுங்கினால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு விடுங்கள். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி உண்டு. இலவச அம்புலன்ஸ் 1990.

சனிக்கிழமை காலை 5.30க்குக் கல்லடிப் பாலம் தாண்டிவிட வேண்டும். பொத்துவில் வரை ஏறக்குறைய 105 கி.மீ. நிற்காமல் ஓடினால் இரண்டரை மணி, இந்தக் கூட்டத்தோடு நான்கு மணி. வீதி நல்லது, மட்டமானது, வளைவும் குறைவு. பிந்துவதற்குக் காரணம் ஊர்கள்தான்: காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடைத்தெரு ஒன்று முடிய மற்றது தொடங்கும். 8 மணிக்குப் பிறகு கல்முனையைக் கடக்க முயன்றால் ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஊர்ந்துதான் போக வேண்டும். வெள்ளிக்கிழமையே கிளம்புவோர் ஜும்ஆ நேரத்தில், 12 மணியிலிருந்து ஒன்றரை வரை, இந்த ஊர்களுக்குள் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். சாப்பாட்டுக் கடைகளும் பூட்டியிருக்கும்.

கல்லாற்றிலிருந்து தெற்கே முழுக் கரையும் 2004 டிசம்பர் 26 அடித்துப்போன கரை. வழியில் நினைவுத் தூபிகள் உண்டு. இளையவர்கள் படம் எடுக்க நிற்கச் சொல்வார்கள். வானில் இருக்கும் பெரியவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

முதல் நீண்ட நிறுத்தம் திருக்கோவில். கடலோரத்தில் சித்திரவேலாயுத சுவாமி கோயில், நிழல், காற்று, உட்கார இடம் எல்லாம் ஒரே இடத்தில். 8 மணி போலப் போய்ச் சேர்ந்து கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து காலைச் சாப்பாட்டைப் பிரிக்கலாம். அதனால் காலைப் பொதி மரக்கறியாக இருக்கட்டும். கோயிலடியில் கடல் அழகாகத் தெரியும், ஆனால் குளிக்க இறங்காதீர்கள். இந்தக் கரையிலும் இன்னும் தெற்கே கோமாரியிலும் இரண்டு அடி வைத்ததும் பள்ளம் விழும். கால் நனைப்பதென்றாலும் பிள்ளையின் கை பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் மூடிய வானுக்குள் நான்கு மணி நேரம் தாங்காது. தேங்காய்ப்பூப் போட்ட புட்டும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் காலை 9 மணிக்குள் முடிய வேண்டும். மத்தியானத்துக்குக் கொண்டுபோவதென்றால் புளி சேர்ந்த கட்டுச்சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், நன்றாக முறுகப் பொரித்த மீன், தண்ணீர் படாத கட்டைச்சம்பல். சோற்றை ஆறவிட்டே கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் ஆவி வேர்த்துப் புளிக்கும். வாழையிலையை நெருப்பில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. பொலித்தீன் வேண்டாம், கூமுனை வாசலில் எடுத்துவைக்கச் சொல்வார்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் என்று கணக்கிட்டால் 11 பேருக்கு 33 லீற்றர். 20 லீற்றர் கான் இரண்டு ஏற்றி, சனி இரவு பொத்துவிலில் திரும்ப நிரப்புங்கள்.

திருக்கோவில் தாண்டினால் ஊர்கள் ஐதாகி, பற்றைக்காடும் களப்பும் தொடங்கும். சங்கமன்கண்டியில் பிள்ளையாருக்கு ஒரு நிமிடம் நிற்பது இந்தப் பாதையின் வழக்கம். இலங்கையின் கிழக்கு முனை அந்தப் பக்கத்துக் கரையில்தான் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் வரைபடத்தை எடுத்துப் பார்ப்பார்கள். 10 மணிக்குப் பொத்துவில். டீசலை அங்கேயே நிரப்புங்கள், காசையும் அங்கேயே எடுங்கள்.

தங்குமிடம் அறுகம்பையில் நிறைய உண்டு. படம் பார்த்து எடுக்காமல் நான்கு கேள்வி கேட்டு எடுங்கள். கீழ்த்தள அறை இருக்கிறதா? கொமோட் உள்ள கழிப்பறையா? வானிலிருந்து அறைவரை நிலம் கெட்டியா, மணலா? காலை 10 மணிக்கே ஒரு அறையாவது திறந்து தருவார்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். வழமையாக அறை மத்தியானத்துக்குப் பிறகுதான் தருவார்கள், அதுவரை அம்மம்மா பிளாஸ்ரிக் கதிரையில் குந்தியிருக்க நேரும். கடலோரக் கபானாக்கள் பார்க்க வடிவு. ஆனால் பொல்லூன்றி நடப்பவருக்கு 30 மீற்றர் மணல் என்பது ஒரு மைல். இரவில் மேடைப்பாட்டுச் சத்தம் வராத இடமா என்பதையும் விசாரியுங்கள், சீசனில் அறுகம்பை சீக்கிரம் உறங்காது.

கடற்குளிப்புக்கு மத்தியானம் வேண்டாம். வளைகுடாவின் தெற்கு மூலையில் அலைச்சறுக்குக்காரர் நிற்கும் முனைக்குப் போகாமல், மீன்பிடி வள்ளங்கள் ஒதுங்கும் பக்கத்தை அண்டி, அன்று எங்கே பிள்ளைகள் குளிக்கலாம் என்று வள்ளக்காரரிடமே கேளுங்கள். அலை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்காது. யாரையாவது நீர் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி நேரே நீந்திக் களைக்கக்கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டபிறகு திரும்ப வேண்டும். நீந்தத் தெரிந்த மருமக்களுக்கும் இதை முதலே சொல்லுங்கள். கனடாவில் நீச்சல் தடாகத்தில் பழகியவர்களுக்குத்தான் தைரியம் அதிகம்.

மூன்றரை மணிக்கு லாகுகலை. பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவ வீதியில் ஏறக்குறைய 15 கி.மீ. வெறும் 1,554 ஹெக்டேயர், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று, 1980இல் அறிவிக்கப்பட்டது. முதியோர் உள்ள குடும்பத்துக்கு இதைவிட வசதியான காடு இல்லை. தார் வீதியே காட்டுக்குள்ளால் போகிறது, குளத்துப் பக்கம் பெரு என்ற உயரப் புல்லைத் தின்ன யானைகள் பின்னேரம் இறங்கும், வானை விட்டு இறங்காமலே பார்க்கலாம். போகும் வழியில் கொஞ்சம் உள்ளே மகுல் மகா விகாரை இடிபாடு. யானைமேல் பாகனும் இருக்கச் செதுக்கிய சந்திரவட்டக்கல் அங்கே உண்டு. நடை அதிகமில்லை, ஆனால் வெயில் குறைந்த பிறகு போங்கள்.

யானை வீதியில் நின்றால் 50 மீற்றருக்குக் குறையாமல் முன்பே நிறுத்துங்கள். இயந்திரத்தை அணைக்க வேண்டாம், ஹோர்ன் வேண்டாம், வெளிச்சம் அடிக்க வேண்டாம், யாரும் இறங்க வேண்டாம். காதை விரித்துத் தலையை ஆட்டினால் மெல்லப் பின்னால் எடுங்கள். அதனால் உங்களுக்குப் பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நிற்க விடாதீர்கள். வாழைப்பழம் எறிந்து படம் எடுக்கும் பழக்கம்தான் யானையை வீதியில் பிச்சை எடுக்க வைக்கிறது. ஒருவர் எறிந்தால் அடுத்து வரும் வானின் ஜன்னலுக்குள் தும்பிக்கை வரும். 5.45க்குத் திரும்பிவிட வேண்டும். அந்த வீதியில் இருட்டில் யானை தெரிவதில்லை, சாம்பல் நிறம் தாரோடு கலந்துவிடும்.

ஞாயிறு வெள்ளாப்பில் குடும்பத்தை இரண்டாகப் பிரியுங்கள். "எல்லாரும் ஒன்றாகப் போவோம்" என்று பிடிவாதம் பிடிப்பதுதான் இந்த மாதிரிப் பயணத்தில் நடக்கும் பெரிய பிழை. கூமுனைக்குத் திறந்த ஜீப்பில் நான்கைந்து மணி நேரம், அதில் பாதி பலகை போலக் குலுங்கும் மண்பாதை. முள்ளந்தண்டு வருத்தம், அண்மையில் சத்திரசிகிச்சை, கர்ப்பம், சின்னப் பிள்ளை, இவர்களுக்கு அது வேண்டாம். ஒரு ஜீப்பில் ஆறு பேர் என்று வைத்தால் 11 பேருக்கு இரண்டு ஜீப். பிரிந்தால் ஒன்றே போதும், அந்தக் காசும் மிச்சம்.

ஜீப்பைச் சனி பகலிலேயே பேசிவிடுங்கள். சொன்ன தொகைக்குள் நுழைவுச் சீட்டு, வழிகாட்டி, டீசல் மூன்றும் அடக்கமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கனடாக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு வெளிநாட்டார் கட்டணம், அது உள்ளூர்க் கட்டணத்தின் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் அடையாள அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும், வீட்டில் இருக்கிறது என்றால் செல்லாது. காலை 5 மணிக்கு ஏறினால் பாணமை தாண்டும்போது வெளுக்கும், 6 மணி போல உகந்தை வாசல். தூசுக்கு முகத்தை மூட ஒரு துவாய், ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலர், உண்ணிக்கு நீளக் காற்சட்டை. பாணமைக்கு அப்பால் தொலைபேசிச் சிக்னலை நம்ப வேண்டாம், திரும்பும் நேரத்தை அறையில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே கும்புக்கன் ஓயாவிலிருந்து நீர் ஏறும் கூமுனை வில்லுத்தான் நோக்கம்: கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், கரையில் முதலை. சிறுத்தையைத் தேடி ஜீப்பை விரட்டச் சொன்னால் பறவையும் பார்க்காமல் சிறுத்தையும் பார்க்காமல் திரும்புவீர்கள். ஓட்டுநரிடம் மெல்லப் போகச் சொல்லுங்கள்.

குடும்பிகல என்ற குகை ஆச்சிரமமும் இந்தப் பக்கம்தான். படுவான்கரைக் குடும்பிமலையோடு குழப்ப வேண்டாம். பாறையில் ஏற வேண்டும் என்பதால் இளையவர்களுக்கு மட்டும்.

மற்றப் பாதிக்கு இரண்டு தெரிவு. பொத்துவில் களப்பில் மீனவர்கள் தோணியில் கண்டல் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தோணியில் ஏறத் தாழ்ந்து குந்த வேண்டும். முழங்கால் மடங்காதவருக்குக் கரையில் கதிரை போட்டு இருத்துங்கள், காலைக் களப்பைப் பார்த்திருப்பதும் குறைவில்லை. உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா என்று கட்டிப் பார்த்தே ஏற்றுங்கள். அம்மம்மாவின் மனதில் முருகன்தான் என்றால் அது இரண்டாவது தெரிவு: உகந்தைமலைக் கோயில் பூங்கா வாசலுக்கு இந்தப் பக்கம், அதற்குப் பூங்காச் சீட்டு தேவையில்லை. கோடையில் வான் மெதுவாகப் போய்ச் சேரும், மழை பெய்திருந்தால் சாரதி சொல்வதே முடிவு. கீழே கும்பிடலாம், மலைமேல் ஏறுவதைப் பேரப்பிள்ளைகளிடம் விடட்டும். குரங்குகள் கையிலிருக்கும் பழப்பையைப் பறிக்கும், அர்ச்சனைத் தட்டைத் துணியால் மூடிப் பிடியுங்கள்.

11 மணிக்கு எல்லோரும் அறையில். குளித்து, 12க்குச் சாப்பிட்டு, 1 மணிக்குக் கிளம்ப வேண்டும். காட்டுப் பாதையால் திரும்புவதென்றால் லாகுகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை, காரைதீவு, மட்டக்களப்பு. கரையோரத்தைவிட 50 கி.மீ. போலக் கூட, ஆனால் ஊர் நெரிசல் குறைவு. அம்பாறைக்கு வெளிச்சத்தோடு வந்தால் போதும், அதன் பிறகு காரைதீவு வரை திறந்த வயல்வெளி. அறையை விட்டுக் கிளம்பவே 2 மணி தாண்டிவிட்டதா, அல்லது அப்பப்பாவின் கால் வீங்கியிருக்கிறதா? யோசிக்காமல் வந்த வழியே கரையோரமாகத் திரும்புங்கள். இரண்டு பாதையிலும் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை எல்லோரையும் இறக்கி ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள்.

எருமைத் தயிரைக் கடைசியில் வாங்குங்கள், போகும்போது அல்ல. சட்டியை அடுக்கினால் குலுக்கலில் மேல்சட்டி கீழ்ச்சட்டியின் கடதாசியைக் கிழித்துவிடும். பழைய துவாயைச் சும்மாடாகச் சுற்றி வானின் தரையில் வைத்து, சட்டிக்கு ஒன்றாக அதில் இருத்துங்கள். குழந்தையின் காலுக்குக் கிட்ட வேண்டாம்.